மேடையும் பாசறையும்

கலை யாருக்காக என்ற வினா நம்மிடையே அடிக்கடி எழுப்பப்படுகின்றது. அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய பிறிதொரு வினாவும் உண்டு: கலைக்குப் பணம் கொடுப்பவர் யார், எதன்பொருட்டுக் கொடுக்கின்றார்? கடல் கடந்த பாசறைகளுக்குச் சென்று படையினரை மகிழ்வித்த அமெரிக்கக் கல்லூரி நாடகக் குழுக்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

1931 இல் வாசர் கல்லூரிப் பேராசிரியை ஹலி பிளனகன், வறட்சியால் வாடிய விவசாயிகளின் பசியைக் கல்லூரி மேடையிலே காட்டினார். 1935 இல், வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்காக அரசு சமஷ்டி நாடகத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் தலைமை அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. உச்ச நிலையில் 12,000 பேருக்கு மேல் அதில் வேலை பெற்றனர். ஆயினும் சேரி வீடுகளைப் பற்றியும் மின்சாரக் கம்பனிகளைப் பற்றியும் அந்த மேடை பேசத் தொடங்கியதும் ஆளுவோர் கலங்கினர். 1938 இல் நடந்த விசாரணையிலே, எலிசபெத் காலத்து நாடகாசிரியர் மாலோவும் கம்யூனிஸ்டா என்று காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வினவினார். 1939 ஜூனுடன் திட்டம் மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழியுமுன்னரே நிலைமை மாறியது. 1941 இல் ஆறு சமூகசேவை ஸ்தாபனங்கள் இணைந்து, யூ.எஸ்.ஓ. என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் அமைப்பை உருவாக்கின. போர் மூண்டதும் அதன் கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் பாசறைகளுக்குப் புறப்பட்டனர். மக்களுக்கு வேண்டாததாகக் கருதப்பட்ட நாடகம், துருப்புகளுக்கு அவசியமாயிற்று!

சிப்பாய்க்கு வேண்டியது களியாட்டமே என்பது அதிகாரிகள் பலரின் எண்ணம். 1944 இல் நடிகை கதரின் கோர்னெல், கவிஞர் பிறௌணிங்கின் காதலைக் கூறும் நாடகமொன்றை இத்தாலிக்குக் கொண்டுசென்றபோது, படையினர் அதனைப் பொறுமையுடன் பார்ப்பார்களா என்ற ஐயம் இருந்தது. சிப்பாய்களோ அதனை ஆர்வத்தோடு வரவேற்றனர். அதே ஆண்டில் மேஜர் மொறிஸ் இவான்ஸ் ஹாவாயில் ஹம்லெற் நாடகத்தைச் சுருக்கி மேடையேற்றினார். அதிலே சவக்குழி தோண்டுவோர் காட்சி நீக்கப்பட்டிருந்தது. நேரத்தைக் குறைப்பது அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். எனினும், மரணத்தின் வாயிலில் நின்ற பார்வையாளருக்கு மரணத்தைப் பற்றிய அப்பேச்சுக் கிடைக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1950களின் பிற்பகுதியில் இப்பணியிலே கல்லூரிகளும் சேர்ந்தன. யூ.எஸ்.ஓ.வும் அமெரிக்கக் கல்விநாடகச் சங்கமும் ஏற்பாடு செய்ய, பல்கலைக்கழகக் குழுக்கள் யப்பான், கொரியா, யேர்மனி முதலிய நாடுகளிலிருந்த தளங்களுக்குச் சென்றன. இசை நாடகங்களும் இலகுவான நகைச்சுவையுமே அவற்றின் பெரும் சரக்கு. அம்மாணவர்களின் உழைப்பையோ நல்லெண்ணத்தையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டை விட்டு வெகுதூரம் வந்த இளைஞன் ஒருவனை ஒரு மாலைப்பொழுதாயினும் சிரிக்கவைப்பது இழிந்த செயலன்று.

ஆனால் அந்த மேடைக்கும் அதன் முன்னிருந்த ஆசனங்களுக்கும் இடையே ஓடிய கோட்டை நாம் காணத் தவறக்கூடாது. நடித்தவனும் பார்த்தவனும் ஏறக்குறைய ஒரே வயதினர். 1951 முதல் கல்லூரி மாணவருக்குக் கட்டாயப் படைச்சேவையைப் பிற்போடும் சலுகை வழங்கப்பட்டது. கல்லூரிக்குப் போக வசதியற்ற தொழிலாளியின் மகனுக்கு அச்சலுகை எட்டவில்லை. வியட்னாம் போர் முற்றியபோது இவ்வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டதாயிற்று. ஒருவன் வேடமணிந்து வந்து ஊர் திரும்பினான். மற்றவன் சீருடையணிந்து அங்கேயே நின்றான். நீ ஏன் இங்கு நிற்கின்றாய் என்று அந்த மேடை அவனைக் கேட்கவில்லை. கேட்பதற்காக அது அனுப்பப்படவுமில்லை.

அக்கேள்வி வேறிடங்களில் எழுந்தது. 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியரும் மாணவரும் இரவு முழுவதும் கூடியிருந்து வியட்னாம் போரைப் பற்றி விவாதித்தனர். 1971 இல் ஜேன் பொண்டாவும் டொனால்ட் சதர்லண்டும் போரெதிர்ப்பு நாடகக் குழுவொன்றைத் திரட்டிக்கொண்டு ஹாவாய், பிலிப்பைன்ஸ், ஒக்கினாவா, யப்பான் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். தளங்களுக்குள் அவர்களுக்கு மேடை கிடைக்கவில்லை. சிப்பாய்களோ ஆயிரக்கணக்கில் தளங்களுக்கு வெளியே வந்து அவர்களின் நாடகத்தைக் கண்டனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கோர்னெலைப் பார்த்தவனும் பொண்டாவைப் பார்த்தவனும் சிந்திக்கத் தெரிந்த மனிதர்களே. அவர்களுக்குச் சிரிப்புப் போதும் என்று தீர்மானித்தவர்கள் அவர்களல்லர். மாணவரை மேடையேற்றும் ஆசிரியர்களாகிய நாம், பார்வையாளனின் அறிவை மதிக்கும் நாடகத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். அத்தகைய நாடகத்துக்கு மண்டபம் மறுக்கப்படுமாயின், வெளியிலே இடம் தேடும் துணிவும் நமக்கு வேண்டும்.