உறையை உரிக்கிற வேலை

போன வருஷம் தூத்துக்குடியில எங்க வீட்டு மாடிக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். கேட்-6 கேபிள். வெளியே பி.வி.சி. உறை, உள்ளே நாலு ஜோடியா முறுக்கின எட்டு செம்புக் கம்பி. உறையை உரிக்க, கையில கிடைச்ச பிளேடை வச்சு ஒரு சுத்து சுத்தினேன். அழகா கழண்டு வந்துச்சு. கனெக்டரை மாட்டி, சுவர்ப் பெட்டியை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

மூணே வாரம். ஆயிரம் மெகாபிட்ல ஓடின லைன் நூறுக்கு இறங்கிடுச்சு. ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் வேணும், நூறுக்கு ரெண்டு ஜோடி போதும். பிரிச்சுப் பார்த்தா, பழுப்புக் கம்பி ஒண்ணு முறிஞ்சு கிடக்கு. அன்னைக்கு என் பிளேடு உறையோட நிக்கல, செம்புலயும் ஒரு கீறல் போட்டிருக்கு. கீறல் விழுந்த கம்பி, மடங்குறப்ப அந்த இடத்துலதான் முறியும்.

அவசரப்பட்டு ஓட்டைத் திறந்தா உள்ளே இருக்கிறது போயிடும்னு இந்தக் கடற்கரைக்கு ஏற்கெனவே தெரியும். முத்துக்குளிப்பு நடந்த ஊர் இது. சலாபம் என்று சொல்லப்பட்ட அந்தப் பருவத்தில், பாறையும் மணலும் கலந்த முத்துப் பார்களில் மூழ்கி எடுத்த சிப்பிகள் லட்சக்கணக்கில் கரைக்கு வந்தன. ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயின. பிரிட்டிஷ் காலத்தில் குளித்தவர்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு.

வாங்கியவர் கத்தியை எடுப்பாருன்னு நினைச்சிருந்தேன். பெரும்பாலும் இல்லை. கொட்டு எனப்படும் அடைப்புக்குள் சிப்பிகளைக் குவித்து, நாள்கணக்கில் அழுக விட்டார்கள். சதையை ஈக்களின் புழு தின்றுவிடும். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி அலசி அலசி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றாகக் கத்தியால் திறந்தால் சதைக்குள் ஒளிந்திருக்கும் பொடி முத்து தவறிப்போகும். அத்தனை சிப்பிக்கு அது நடக்கிற காரியமும் இல்லை. அலசுகிறவர் முத்தை வாயில் போட்டுவிடக் கூடாது என்று பக்கத்திலேயே காவல் வேறு.

நாத்தம்? 1906-ல் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப் (ஆமா, பின்னாடி வர்ஜீனியா வுல்ஃபின் கணவர்) தன் வாழ்க்கை வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனா அவருக்கு அது ஒரு பருவம்தான். கொட்டுக்குள் குனிந்து அலசிய கைகள் எதையும் எழுதி வைக்கல. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது.

கேபிள் கதையிலும் உறைதான் முதல் பிரச்சினை. கடலுக்கடியில் தந்திக் கம்பி போடணும்னா, உப்புத் தண்ணி செம்பைத் தொடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த விடை, மலேயாக் காடுகளின் மரப்பால் குட்டா பெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடலடிக் குளிரில் வருஷக்கணக்கில் தாங்கும். 1851-ல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைத்த கேபிள் அதைப் போர்த்திக்கொண்டுதான் இறங்கியது. 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி போக ஆரம்பித்ததும் அப்படித்தான். ஒரு மரத்துக்குக் கொஞ்சம் பால்தான் வரும், அதுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாகப் போனது. வெப்பக் கடல்ல இன்னொரு எதிரி: வள்ளத்தின் மரத்தைத் துளைக்கிற கப்பல்புழு, கேபிளின் உறையையும் துளைத்தது. அதைத் தடுக்கப் பித்தளை நாடாவைச் சுற்றினார்கள். 1933-ல் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் வந்த பிறகுதான் குட்டா பெர்ச்சா ஓய்ந்தது.

2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புப் பக்கத்து மவுண்ட் லவினியாவுக்கும் நடுவே கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. முடி அளவு இழைக்கு மேல களிம்பு, பிளாஸ்டிக், இரும்புக் கம்பின்னு அடுக்கடுக்கா சட்டை. நங்கூரமும் மீன்வலையும் இழுத்தாலும் தாங்கணுமே.

சரி, வீட்டுக் கேபிளை எப்படி உரிக்கணும்? பிளேடு வேண்டாம். உறைக்குள்ள கம்பிகளோட ஒரு நூல் படுத்திருக்கும், பார்த்திருப்பீங்க. எதுக்குன்னு தெரியாம நான் வருஷக்கணக்கா வெட்டிப் போட்டிருக்கேன். நுனியில ஒரு இஞ்ச் மட்டும் உறையை எடுத்துட்டு, அந்த நூலைப் பிடிச்சு பக்கவாட்டுல இழுங்க, உறை தானா கிழியும். அப்புறம் முதல்ல வெட்டின இடத்துல இருந்த கம்பி நுனியை நறுக்கிடுங்க. கீறல் இருந்தா அதோட போயிடும். முறுக்கையும் அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க. ஜோடி ஜோடியா முறுக்கினா இரைச்சல் குறையும்னு கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிட்டார்.

கடைசியா ஒரு பை நிறைய துண்டு கேபிள் மிஞ்சியது. உறையை உரிக்க மூணாவதா ஒரு வழி இருக்கு, நெருப்பு. பழைய வயர்ல இருந்து செம்பு எடுக்கிற பல இடங்கள்ல எரிச்சுத்தான் எடுக்கிறாங்க. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். பழைய உறைகளில் ஈயமும் இருக்கும். செம்பு மிஞ்சும், புகை எரிக்கிறவரோட நெஞ்சுக்குள்ள போகும். செம்பு, புகைன்னாலே எங்க ஊர்ல பேச்சு கொஞ்சம் தாழ்ந்துடும். 2018 மே மாதம் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்த ஊர் இது.

பையை எடுத்துக்கிட்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, இதை எரிப்பீங்களா?"ன்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எரிக்கல தம்பி. எடை போட்டு அனுப்பிருவேன். அங்க மிஷின் வச்சிருக்காவளா, தீ வைக்காவளான்னு எனக்கு என்ன தெரியும்?"

பையைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. ராத்திரி பாட்டு கேட்டுக்கிட்டே, நூலை இழுத்து, ஒவ்வொரு துண்டா உரிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு மணி நேரத்துக்குக் கால் கிலோகூடத் தேறல.