றெய்னியரின் கடற்படையும் முல்லைத்தீவும்

வன்னியில் ஆங்கிலேயர் காலூன்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பண்டாரவன்னியனின் போரிலிருந்தே தொடங்குவர். அப்போருக்கு எட்டு ஆண்டுகள் முன்னரே முல்லைத்தீவு அவர்கள் கைக்கு மாறிவிட்டது. அது கடல்வழியே நிகழ்ந்த மாற்றமாகும்.

1794 முதல் 1805 வரை கிழக்கிந்தியக் கடற்பரப்பில் பிரித்தானியக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் பீற்றர் றெய்னியர். இக்கரைகள் அவருக்குப் புதியனவல்ல. 1782, 1783ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சவ்ரனுக்கெதிராகச் சதுரங்கப்பட்டினம் முதல் கடலூர் வரை நிகழ்ந்த கடற்போர்களில் அவர் 'பேர்போட்' என்னும் கப்பலின் தலைவராயிருந்தார். சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் கிடையாது. வாடைக்காற்றுத் தொடங்கியதும் ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. திருகோணமலையை 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சியரிடம் இழந்தபோது அத்துறைமுகத்தின் அருமை நன்கு விளங்கியிருக்கும்.

1795இல் ஒல்லாந்து பிரெஞ்சியர் வசமாயிற்று. இலங்கைத் துறைமுகங்களும் அவ்வழியே போய்விடும் என அஞ்சிய ஆங்கிலேயர், றெய்னியரின் கப்பல்களையும் கேணல் ஜேம்ஸ் ஸ்ரூவாட்டின் படையையும் சென்னையிலிருந்து அனுப்பினர். திருகோணமலை வாயிலில் அறியப்படாத பாறையொன்றில் மோதி 'டயமீட்' என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. எனினும் கோட்டை ஆகஸ்ட் 26இல் பணிந்தது. பின்னர் கரையோரக் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன: செப்ரெம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும், ஒக்ரோபர் 5இல் மன்னார். இடையில், ஒக்ரோபர் 1இல், கப்பலில் வந்திறங்கிய 52ஆம் படைப்பிரிவின் ஒரு பகுதியிடம் முல்லைத்தீவு சரணடைந்தது. கரையைப் பெற்றதனால் வன்னியையும் பெற்றதாக அவர்கள் எண்ணினர் போலும். ஒல்லாந்தரே நெடுங்காலம் முயன்று 1782இல்தான் அடக்கிய நிலம் அது.

1803இல் கண்டியுடன் போர் மூண்டது. ஜூனில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. ஆகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைக் கைப்பற்றினான். காவற்படை தோணிகளிலேறி யாழ்ப்பாணம் சென்று உயிர் தப்பியது. படைகளைக் கொணர்ந்த கடல் இப்போது தப்பியோடும் வழியாயிற்று.

றெய்னியர் அப்போதும் அதே பதவியிலிருந்தார். ஆயின் வன்னியனை வெல்லக் கடற்படையால் ஆகவில்லை. டிறிபேர்க்கின் படை காட்டினூடே நடந்து சென்று, ஒக்ரோபர் 31 விடியற்காலையில் கற்சிலைமடுவில் அவனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தது. அவ்விடம் கடலிலிருந்து பல மைல் உள்ளே, ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ளது.