போடிங் காசு

1841இல் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி மார்ட்டின், மற்றவர் சேத் பேசன். பரீட்சைத் தாளில் இந்தப் பெயர்களைக் கண்டால் என் மாணவர்களில் பாதிப்பேர் ‘அமெரிக்கப் பாதிரிமார்’ என்று எழுதிவிடுவார்கள். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர்கள். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று விளங்கப்படுத்தத் தொடங்கினால் பாடம் முடிய மணி அடித்துவிடும். அது போடிங் காசின் கதை.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடிந்து கிடந்த பழைய தேவாலயங்களைத் திருத்திக்கொண்டு குடியேறினார்கள். கிராமப் பள்ளிகளை நடத்திப் பார்த்ததில் ஒன்று அவர்களுக்குத் தெரிந்தது. பகல் முழுக்கப் படிப்பித்தாலும் பிள்ளை பின்னேரம் வீட்டுக்குத்தான் போகும், அங்கே கோயிலும் குடும்பமும் இருக்கும். பிள்ளையைத் தங்களோடு வைத்திருந்தால்தான் நினைத்தது நடக்கும் என்று முடிவெடுத்தார்கள். அப்படித்தான் போடிங் பள்ளிகள் வந்தன. 1823இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினறி, 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளி. படிப்பு, சாப்பாடு, உடுப்பு, படுக்கை எல்லாம் இலவசம்.

அந்தச் செலவு நியூ இங்கிலாந்திலிருந்து வந்தது. மிஷன் பத்திரிகைகளில் இலங்கைப் பிள்ளைகளைப் பற்றி எழுதுவார்கள். அதை வாசித்துவிட்டு ஒரு தேவாலயத்துச் சபையோ, பெண்கள் சங்கமோ, வசதியுள்ள ஒரு குடும்பமோ ஒரு பிள்ளையின் வருடச் செலவைப் பொறுப்பெடுக்கும். பொறுப்பெடுத்தவர்களுக்கு ஒரு உரிமை இருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். தங்கள் போதகரின் பெயர், செத்துப்போன தங்கள் பிள்ளையின் பெயர், தங்கள் சொந்தப் பெயர், எது விருப்பமோ அது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் நிற்கும் பெயர்களின் முன்பாதி இப்படி வந்தது. சங்க நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அங்கே படித்த காலத்தில் கிங்ஸ்பெரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான இருவரும், அவரும் விசுவநாதபிள்ளையும், இந்தப் போடிங்கில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஊர்ச் சனம் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. தொடக்கத்தில் வெள்ளாளப் பெடியன்கள் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மறுத்தார்கள். பக்கத்துச் சைவக்காரரின் காணியில் அடுப்பு மூட்டிச் சமையல் நடந்தது. பெடியன்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படித்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளை ஒன்று அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்குமா என்ற கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும். உட்கார விட்டிருக்க மாட்டார்கள். உடுவிலில் வேறு தடை. பெண்பிள்ளையைப் படிக்க விட்டால் யார் கட்டுவார்கள் என்று தாய்மார் பயந்தார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரைக் கட்டும் பிள்ளைக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. உதவிப் பணம் கலியாணப் பந்தல் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

நான் அந்த மிஷனரிமாரைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தாமோதரம்பிள்ளை நமக்குக் கிடைத்திருப்பாரோ தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் சோறு தூரத்திலிருக்கும் ஒருவரின் மனத்திலும் மடிசீலையிலும் தங்கியிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே வரலாறுதான் காட்டுகிறது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. மிஷனின் தலைமையகம் இருந்த பொஸ்டனிலிருந்து வந்த பணம் சுருங்கியது. யாழ்ப்பாணத்தில் 100க்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகளை மிஷன் மூடியது. 1855இல் மனமும் மாறியது. பொஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் குழு, செமினறி இங்கிலீஷ் படித்த உத்தியோகத்தர்களை உருவாக்குகிறதே தவிரக் கிறிஸ்தவ ஊழியர்களை அல்ல என்று கண்டது. செமினறி மூடப்பட்டது. திரும்ப அங்கே ஒரு கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி, எழும்ப 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சைவர்கள் தங்கள் பள்ளிகளுக்குக் கண்ட வழி வேறு. 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்திய சு. இராசரத்தினத்தை ‘இந்து போட் இராசரத்தினம்’ என்றால்தான் சனத்துக்குத் தெரியும். அவர் வீடு வீடாகப் பிடியரிசி திரட்டினார். உலையில் போட அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு முட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரி சமைப்பாள். முட்டி நிரம்ப ஆள் வந்து எடுத்துப் போவார். என் அம்மம்மாவின் குசினியில் அந்த முட்டி அடுப்புக்கு வலப்பக்கத்தில், எலி ஏறாமல் ஓட்டுத்துண்டால் மூடி இருக்கும். எந்தப் பிடி எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. உதவிகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி, இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா. அம்பலாங்கொடையில் வெஸ்லியன் பள்ளியில் பரிசளிப்பு விழா. காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியார்தான் பிரதம விருந்தினர். ஒரே பெடியன் திரும்பத் திரும்ப மேடைக்கு வருகிறான். இந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோக உனக்கு மாட்டுவண்டிதான் பிடிக்க வேண்டும் என்றாராம் டாரல். அந்தப் பெடியனுக்குப் பிறகு றிச்மண்டில் படிப்பும் விடுதியும் இலவசமாகக் கிடைத்தன. அவர்தான் 1931இலிருந்து 1947வரை இலங்கையின் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1945 ஒக்டோபர் 1இலிருந்து கல்வி இலவசம் என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. விடுதியைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. படிப்புக்குக் காசு இல்லையென்றாலும், 20 மைலுக்கு அப்பால் உள்ள பள்ளிக்கு ஏழைப்பிள்ளை எப்படிப் போகும்? போடிங்கில் வளர்ந்த மனிதருக்கு அது தெரிந்திருந்தது. பட்டினத்துக்கு வெளியே, கிராமங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டினார், கூடவே விடுதிகளையும் கட்டினார். அவர் காலத்தில் அப்படி 50க்கும் மேற்பட்டவை எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த பிள்ளையின் விடுதிச் செலவை அரசு ஏற்றது. பெயரை மாற்றச் சொல்லவில்லை, சமயத்தைக் கேட்கவில்லை.

மட்டக்களப்பில் வந்தாறுமூலை அப்படிப்பட்ட இடம். படுவான்கரையிலிருந்தும் எழுவான்கரையிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய பிள்ளைகள் அங்கே படித்தார்கள். நாடக அறிஞர் மௌனகுரு அந்தப் பள்ளியின் மாணவர். 1981இல் அந்த வளவிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகமானது. முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். மலையகத்துக்குத்தான் இதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. தோட்டப் பள்ளிகள் 1970கள் வரை அரசின் கைக்கு வரவேயில்லை. லயத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடைதான் காத்திருந்தது. இலவசக் கல்வியைப் புகழும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் அந்த ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறி ஒரு மத்திய கல்லூரி விடுதிக்குப் போனவன். பிற்பாடு வேறொரு பள்ளியில் வரலாறு படிப்பித்தபடியே விடுதியைப் பார்த்துக்கொண்டவன். தவணை தொடங்கும் நாளில் தகப்பன்மார் வரிசையில் நிற்பார்கள். சேட்டுப் பையிலிருந்து எண்ணி எடுப்பவர், அரைவாசியைத் தந்து மிச்சம் வெங்காயம் வித்தபிறகு என்பவர், காசுக்குப் பதில் நெல்மூட்டையைச் சைக்கிளில் கட்டி வந்தவர், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். புலமைப்பரிசில் பிள்ளையின் காசு திணைக்களத்திலிருந்து நேரே விடுதிக் கணக்குக்கு வரும், அந்தத் தகப்பன் வரிசையில் நிற்கத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் யார் காசு கட்டின பிள்ளை, யார் கட்டாத பிள்ளை என்று பிரிக்க முடியாது. பாண், சம்பல், பருப்பு எல்லாருக்கும் ஒரே அளவு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மட்டும் விடுதிக்காசு பாக்கி உள்ளவர்களின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்ட ஒரு பெடியன் அந்தத் தவணை முடிந்து வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நல்ல கணக்குக்காரன்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் பரீட்சை பட்டினத்துப் பள்ளியில் இடம் பிடிக்கும் போட்டியாகிவிட்டது, ரியூசனுக்குக் காசு கட்டுகிறவனுக்கே அதில் வாய்ப்புக் கூட. அரசு தரும் மாதக் கொடுப்பனவு விடுதிச் சாப்பாட்டுக்குக் கிட்டவும் வராது. அந்த இடைவெளியைப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நிரப்புகிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் அந்தக் காசு இல்லாவிட்டால் போருக்குப் பிறகு வன்னியில் பல பிள்ளைகள் படித்திருக்காது. ஆனால் தாய் தகப்பனின் நினைவுநாளுக்கு உதவி செய்யும்போது படம் போட்ட பதாகையின் கீழ் பிள்ளையை நிறுத்தி, உறையைக் கையில் கொடுத்து, அந்தப் படத்தை முகநூலில் போடுகிறோம். தகப்பன் இல்லாத பிள்ளை என்று கீழே எழுதியும் விடுகிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை ஏற்பதென்றால், ஓ.எல். முடியும்வரை ஏற்றுக்கொள்ளுங்கள், நடுவில் கைவிடாதீர்கள். காசைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் விடுதிக் கணக்குக்கு அனுப்புங்கள். பற்றுச்சீட்டை அதிபரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளையின் படத்தைக் கேட்காதீர்கள்.