கடன் வாங்கிய நகரமும் வட்டி வாங்கிய வீடுகளும்

வேலைக்காக எத்தனையோ டேபிள் பார்த்திருக்கிறேன். சில வாரமாக ராத்திரியில் நான் உட்கார்ந்து பார்ப்பது 1427-ஆம் வருட டேபிள். இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம் எடுத்த 'கட்டாஸ்தோ' என்னும் சொத்துக் கணக்கு. நிலம், வியாபார முதலீடு, கடன், வீட்டில் சாப்பிடும் வாய்கள் என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்கணும். நகரத்தில் மட்டும் 9,700-க்கு மேல் குடும்பங்கள். அதில் மேல்தட்டு நூறு குடும்பங்களின் கையில் மொத்தச் சொத்தில் கால்வாசிக்கும் மேல். முதலிடம் பல்லா ஸ்ட்ரோட்ஸிக்கு.

கம்பளி வியாபாரம், வங்கித் தொழில். திறமை உள்ளவன் சம்பாதிச்சான், அவ்வளவுதானே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் சொத்துப் பட்டியலில் 'மோன்தே' என்று ஒரு இனம் வருது பாருங்க, விஷயம் அங்கேதான்.

1315-ல் நகரவாசிகள் மேலிருந்த நேரடி வரியை எடுத்துட்டாங்க. கிராமப்புறத்துக்கு மட்டும் அது தொடர்ந்தது. போர்ச் செலவுக்கு நகரவாசிகளிடம் கட்டாயக் கடன் வாங்கினாங்க. 1340-களில் அந்தப் பழைய கடனையெல்லாம் ஒன்றாக்கியதுதான் மோன்தே. வட்டி 5%. கடன் பங்கை வாங்கலாம், விற்கலாம். சரி, வட்டிக்குப் பணம்? உப்பு, ஒயின், நகர வாசலில் நுழையும் சரக்கு இவற்றின் மேல் போட்ட வரி. அதைக் கூலிக்காரனும் கட்டினான். கட்டாயக் கடனை முழுசாகக் கொடுக்க முடியாதவர் குறைந்த தொகை கட்டலாம். ஆனால் அசலும் வட்டியும் திரும்பக் கேட்கக் கூடாது. அதாவது வசதியானவர் கொடுத்தால் முதலீடு, இல்லாதவர் கொடுத்தால் வரி!

இந்த விதிகளைப் போட்டது தொழிற்சங்க உறுப்பினர்கள் நிறைந்த நகர ஆட்சி. கம்பளிப் பட்டறைக் கூலிகளுக்குச் சொந்தச் சங்கமே கிடையாது. 1378-ல் அவர்கள் கிளம்பினார்கள்: சியோம்பி கலகம். கேட்டது என்ன தெரியுமா? தங்களுக்கு ஒரு சங்கம், மோன்தே வட்டியை நிறுத்தி அசலை மட்டும் திருப்புவது, சொத்துக்கு ஏற்ற நேரடி வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்த கூட்டம்தான், ஆனால் தவறு எந்த வரியில் இருக்கு என்று சரியாகக் காட்டினார்கள். சங்கம் கிடைத்தது, சில வாரத்தில் கலைக்கப்பட்டது.

பல்லா ஸ்ட்ரோட்ஸி கதையும் இதைத்தான் சொல்கிறது. 1434-ல் கோசிமோ டி மெடிச்சி கை ஓங்கியதும் அவர் நாடு கடத்தப்பட்டார். 1462-ல் பதுவாவில் இறக்கும் வரை ஊர் திரும்பவே இல்லை. பட்டியலில் முதலிடம் இருந்தும் ஆட்சி கையில் இல்லையே!

இப்போதெல்லாம் பழைய நகரம் எதைப் பற்றிப் படித்தாலும், பணக்காரர் யார் என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அந்த ஊர் யாரிடம் கடன் வாங்கியது, வட்டியை யார் கட்டினார்கள் என்று தேடிப் பார்க்கிறேன்.