விசிறிச் சக்கரம் வண்டியேறிய கதை

1902-ல் லூயி ரெனோ பிரான்சில் ஒரு காப்புரிமை வாங்கினார். இன்ஜின் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் வரை காத்திராமல், விசிறிச் சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காற்றை உள்ளே திணிக்கும் ஏற்பாடு அது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்குள்ள வைத்திக்குப்பத்துக் கட்டுமரங்களைப் பாயும் துடுப்பும் தள்ளிய காலம். இன்று அதே கரையில் டீசல் இன்ஜின் பூட்டிய ஃபைபர் படகுகள் நிற்கின்றன, தெருவில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அப்படியொரு சக்கரத்தை நம் பட்டறையிலேயே செய்து புல்லட்டில் பூட்டினால் என்ன என்று யாருக்காவது தோன்றினால், அது நல்ல ஆசைதான். இறங்குமுன் சக்கரத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரத்தின் நடுவில் நுழையும் காற்றை இதழ்கள் விளிம்புக்கு வீசுகின்றன, வேகமெடுத்த ராட்டினத்தில் நாற்காலிகள் வெளியே பறப்பது போல. சுற்றியுள்ள நத்தைக்கூட்டில் அந்த வேகம் தணிந்து அழுத்தமாகிறது. அதிகக் காற்று வந்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், இழுவை கூடும். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: அழுத்தம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். பிற்காலத்துத் தடுமாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

அமெரிக்காவில் லீ சாட்விக் தன் பந்தயக் காரில் விசிறிகளை மூன்று படியாக அடுக்கி, பெல்ட்டால் ஓட்டினார். 1908-ல் அந்தக் கார் வில்க்ஸ்-பார் மலையேற்றப் பந்தயத்தை வென்றது. கருத்து சரியென்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் மோட்டார் சைக்கிள்காரர்கள் இந்தச் சக்கரத்தை நாடவில்லை. 1939-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை கியோர்க் மையர் வென்ற 500 சிசி பிஎம்டபிள்யூவிலும் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆனால் அது தகடுகள் நகர்ந்து காற்றை அள்ளித் தள்ளும் பம்ப் வகை. இரண்டு சக்கர வண்டி வளைவில் தணிந்து, நேர்ப்பாதையில் பாய்ந்து, மறுபடி தணியும். குறைந்த சுற்றில் விசிறிச் சக்கரத்திடம் அழுத்தமே இருக்காது, பம்ப் எந்தச் சுற்றிலும் தன் அளவைத் தள்ளிவிடும். போர் முடிந்ததும், 1946-ல், பந்தயங்களில் சூப்பர்சார்ஜருக்கே தடை வந்தது. பந்தயம் போனதும் அதற்காக உழைப்பவர்களும் குறைந்தார்கள்.

விசிறிச் சக்கரம் வளர்ந்தது வானத்தில். விமான இன்ஜின் மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவது, அதற்கு இது பொருந்தியது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினில் கியர் வழியாகச் சுழன்றதும் இதே இனம். 2015-ல் விற்பனைக்கு வந்த கவாசாகி நிஞ்சா எச்2-வில் அது வண்டியேறியது. 69 மில்லிமீட்டர் சக்கரம், கிராங்கைப் போல ஒன்பது மடங்குக்குச் சற்று மேலான வேகம், உச்சத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,30,000 சுற்று. அந்த நிறுவனத்தின் விமான, கேஸ் டர்பைன் பிரிவுகளின் கைத்திறன் அதற்குள் இருக்கிறது. ரெனோவின் எண்ணத்துக்கும் இந்த வண்டிக்கும் நடுவே 113 ஆண்டுகள். அத்தனை காலமும் குறையாக இருந்தது அதைச் சுழற்றும் வழி என்றே நான் நினைக்கிறேன்.

இனி நம் பழைய புல்லட். 346 சிசி, ஒரே சிலிண்டர். 5,000 சுற்றில் அது நிமிடத்துக்கு 2,500 முறை காற்று இழுக்கிறது. முழுக்க நிரம்பினாலும் 865 லிட்டர். இவ்வளவு குறைந்த காற்றுக்குச் சின்னச் சக்கரம்தான் வேண்டும், சின்னச் சக்கரமோ கூடுதல் வேகம் கேட்கும். பழைய டர்போவிலிருந்து 40 மில்லிமீட்டர் சக்கரம் எடுத்து 0.3 பார் அழுத்தம் மட்டும் கேட்டாலும், என் கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் சுற்று வருகிறது. கிராங்கைப் போல இருபது மடங்கு!

ஒரே பெல்ட்டில் இது நடக்காது. பெரிய புல்லியின் விளிம்பு வேகத்தில் பெல்ட் தாங்காது. சின்னப் புல்லியில் பெல்ட் இழுக்கும் பக்கவாட்டு இழுவை டர்போவின் பேரிங்கைத் தின்றுவிடும். பெல்ட்டில் ஐந்து மடங்கு ஏற்றி, மீதி நான்கு மடங்கைப் பிளானட்டரி கியருக்கு விடலாம். அதில் சுற்றியுள்ள பற்சக்கரங்கள் நடுத் தண்டை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்குவதால் பக்க இழுவை இல்லை. கவாசாகியும் பிளானட்டரி வழியைத்தான் எடுத்தது. அந்தக் கியரை நுணுக்கமாக வெட்டுவதும், அதற்கும் பேரிங்குக்கும் அழுத்தத்தோடு ஆயில் கொடுப்பதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி.

ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக்கில் ஒருமுறைதான் காற்றைக் கேட்கும். மற்ற நேரம் வால்வு மூடியிருக்க, தள்ளிய காற்று திரும்பிச் சக்கரத்தை மோதும். இடையில் சிலிண்டரைப் போலப் பல மடங்கு பெரிய காற்றுப் பெட்டி வேண்டும். அழுத்தும்போது காற்று 35 டிகிரிக்கு மேல் சூடேறும். நம் ஊர் வெயிலில் 70-ஐத் தொடும், இன்ஜின் நாக் அடிக்கும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கம்ப்ரஷன் குறைவென்பது இங்கே உதவி. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள மிதவை புஷ்தான் எனக்குக் கவலை. கூடுதல் பளுவில் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும்.

கடலோரத்தில் காற்று வடிகட்டியை முதலில் செய்ய வேண்டும். அந்த வேகத்தில் ஒரு மணல் துணுக்கு பட்டாலே அலுமினிய இதழ் சிதையும். சக்கரம் வெடித்தால் சில்லுகளைத் தாங்க, கூட்டைச் சுற்றித் தடித்த இரும்பு வளையம் கட்டாயம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றிய வண்டியை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சாலையில் அனுமதிக்காது. அதனால் இன்ஜினைத் தனியே இரும்புச் சட்டத்தில் இறுக்கி, பிரஷர் கேஜும் சிலிண்டர் தலையில் வெப்பமானியும் பொருத்தி, 0.1 பாரில் தொடங்க வேண்டும்.