ரேசிங் ட்ரோன் பழகணுமா? டோல்கேட் பக்கம்னா முதல்ல மேப்பைப் பாருங்க!

கடற்கரை பக்கத்துலயே இருக்கு, தூக்கிட்டுப் போய்ப் பறக்கவிட வேண்டியதுதானே? டோல்கேட்டில் அது அவ்வளவு சுலபம் இல்லை. தெற்கே சென்னை துறைமுகம், வடக்கே எண்ணூர் துறைமுகமும் ஆலைகளும்.

ட்ரோன் விதிகள் 2021-ன்படி வான்பகுதி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி கட்டாயம். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்க ஏரியா எந்த நிறத்தில் வருகிறது என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' மேப்பில் பார்க்கலாம்.

250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை. அதுக்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

அதனால் முதலில் சிமுலேட்டர். கல்யாண வீடியோ ட்ரோன் மாதிரி, கையை எடுத்ததும் ரேசிங் ட்ரோன் அந்தரத்தில் நிற்காது. சாய்ந்த பக்கமே போய்க்கொண்டிருக்கும். 'லிஃப்ட்ஆஃப்', 'வெலாசிட்ரோன்' கேம்களில் நூறு தடவை விழுந்தாலும் செலவில்லை. பிறகு உள்ளங்கை அளவு 'டைனி வூப்' ட்ரோனை ஹாலில் பழகலாம். ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க!

ரிப்பேர்? முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆக, சால்டரிங் தெரிஞ்சே ஆகணும். கிளம்பும்போதே ட்ரோன் கவிழ்ந்தால், மோட்டாரைக் கழற்றும் முன் இறக்கைகளைப் பாருங்கள். இரண்டு வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் சுற்ற வேண்டும், மாற்றி மாட்டியிருக்கலாம். உப்பிப்போன லிப்போ பேட்டரியை மட்டும் திரும்ப சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.