குடிபுகுந்த தேதி

மும்பையின் வாடகை வரலாற்றில், 'அனுமதியின்றிக் குடியிருப்பவர்' யார் என்பதை அவர் குடிபுகுந்த தேதியே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று வாடகைக்கு விடப்பட்டிருந்த இடங்களின் வாடகையைப் பெரும்பாலும் அந்நாளைய அளவிலேயே நிறுத்தியது. உள்வாடகைக்கு விடுவதையும் தடைசெய்தது. வாடகை உயராத நகரில் 'பகடி' என்ற பெயரில் பெருந்தொகை கைமாறியது. தமிழில் கேலியைக் குறிக்கும் இச்சொல் மராட்டியில் தலைப்பாகையைக் குறிக்கும். தடையை மீறி உள்வாடகையும் பெருகியது. விளைவாக, 1959 மே 21 அன்று குடியிருந்த உள்வாடகைதாரர்களுக்கு அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது.

அடுத்து வீட்டு உரிமையாளர்கள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தை நாடினர். அதன்படி குடியிருப்பவர் வாடகைதாரர் ஆகமாட்டார். வெறும் உரிமம் பெற்றவர். 1973ஆம் ஆண்டுத் திருத்தம் இதையும் மாற்றியது. அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று செல்லத்தக்க உரிமத்துடன் இருந்தவர்கள் வாடகைதாரர்கள் ஆயினர். மறுநாள் அதே வகை ஒப்பந்தத்தில் நுழைந்தவருக்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை.

2000 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமையாளர் பக்கம் சாய்ந்தது. உரிமக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் இருமடங்குத் தொகை செலுத்தவேண்டும்.

குடிசைப் பகுதிகளிலும் இதே தர்க்கம் தொடர்ந்தது. மறுவாழ்வுத் திட்டத்துக்கு முதலில் 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1 எல்லைத் தேதியானது. திருநெல்வேலித் தமிழர் பலர் வேரூன்றிய தாராவியில், குடிசைமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விடுவது பரவலான வழக்கம். இன்றைய மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் வசிப்போருக்குத் தாராவிக்கு வெளியே, தவணை செலுத்தி வாங்கவேண்டிய வீடு.

ஒரே ஏணியின் கீழும் மேலும் வாழ்ந்த இரு குடும்பங்கள் இவ்வாறு பிரிகின்றன. ரசீதின்றி வாடகை கொடுத்தவருக்குத் தம் தேதியை மெய்ப்பிப்பதும் அரிது. ஒவ்வொரு எல்லைத் தேதியும் பழைய மீறலை மன்னித்தது. அடுத்து வருவோருக்கு வீடு எங்கே என்ற கேள்வியை அப்படியே விட்டுவைத்தது. அக்கேள்விக்கு விடை கிட்டும்வரை, புதிய 'அத்துமீறுவோர்' உருவாகிக்கொண்டே இருப்பர்.